பூனையை நாய் துரத்தினால் என்ன, நாய் பூனையைத் துரத்தினால் என்ன?

தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது என்கிறார்கள். அப்படியென்றால் வாக்கிய அமைப்பு என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது. "நாய் பூனையைத் துரத்தியது", "பூனையை நாய் துரத்தியது" இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் துரத்தப்பட்டது எது என்பதை 'ஐ' உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடம் செய்கிறது. உருபை எடுத்துவிட்டுப் பாருங்கள். "குழந்தை பால் குடித்தது" சரி, "பாலைக் குழந்தை குடித்தது" அதுவும் சரி, ஆனால் "பால் குழந்தை குடித்தது" காதில் இடறுகிறது. அப்புறம், "அந்தப் பெரிய வீடு" என்பதை "பெரிய வீடு அந்த" என்று யாருமே சொல்வதில்லையே.

ஆங்கில வரிசைதான் உலகத்தில் அதிகமா?

இல்லை. உலக மொழி அமைப்பு அட்லஸ் ஒப்பிட்ட 1376 மொழிகளில், நம்மைப் போல எழுவாய், செயப்படுபொருள், வினை என்று போகிறவை 564. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற ஆங்கில வரிசை 488. பிரிட்டனில் பேசும் வெல்ஷ் மொழி வினையில் தொடங்கும். பிரேசிலின் ஹிஷ்கரியானா மொழியில் "டோட்டோ யொனொயெ கமாரா" என்றால் சொல்லுக்குச் சொல் மனிதன், தின்றது, ஜாகுவார். மனிதனை ஜாகுவார் தின்றுவிட்டது என்று பொருள், உருபே இல்லாமல்.

"எனக்குப் பசிக்கிறது". இதில் எழுவாய் எது? மகள் கேட்டாள், பதில் தெரியவில்லை.

மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். வினையைப் பார்த்தால் 'எனக்கு' எழுவாய் இல்லை. உனக்கு, அவர்களுக்கு, யாரைப் போட்டாலும் வினை 'பசிக்கிறது' என்றே நிற்கும். ஆனால் "அவளுக்குத் தன் ஊரைப் பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். 'தன்' பொதுவாக எழுவாயைத்தான் சுட்டும், இங்கே போய் 'அவளுக்கு' என்பதைப் பிடித்துக்கொள்கிறது! அதனால்தான் மொழியியலில் இதை நான்காம் வேற்றுமை எழுவாய் என்கிறார்கள். ஐஸ்லாந்து மொழியிலும் "எனக்குக் குளிர்கிறது" என்று இதே மாதிரிதான் சொல்வார்கள்.

"நான் வெட்டிய கத்தி" போன்றவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது திணறுகிறேன். ஏன்?

வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய ஆள். ஐந்திலும் 'வெட்டிய' மாறவே இல்லை, மரம் வெட்டுப்பட்டது, கத்தி கருவி என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். தொல்காப்பியம் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல் (செய்தவர்) என்ற இந்த ஐந்தோடு வினையையும் சேர்த்து ஆறாக எண்ணியே வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ கத்திக்கு 'வித்' என்று ஒரு சொல் போட்டே ஆக வேண்டும், ஆகவே அந்தப் பெயர் வெட்டில் என்ன வேலை செய்தது என்று முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். தமிழிலேயே சில நேரம் தடுமாறும்: உரையாசிரியர்கள் காட்டும் "புலி கொல் யானை"யில் செத்தது புலியா, யானையா? "புலியைக் கொன்ற யானை" என்று 'ஐ' வைத்தால் தீர்ந்தது.