நாலு பேரும் நாமும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஆதரவாகவும் கண்டித்தும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று சொல்லித்தான் பெரியவர்கள் எங்களை வளர்த்தார்கள். நீங்களோ சொந்தப் புத்தியைப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். இரண்டில் எதைக் கேட்பது?

பதில்: திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், உங்கள் குழப்பம் முழுவதும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்பது 423-ஆவது குறள். அதைச் சொன்ன கையோடு, 426-ஆவது குறளில், உலகம் எப்படி நடக்கிறதோ அதனோடு சேர்ந்து அப்படியே நடப்பதும் அறிவு என்கிறார் வள்ளுவர். மேலோட்டமாகப் படித்தால் முன்னுக்குப் பின் முரண் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று எதை நம்புவது என்பதைப் பற்றியது, மற்றொன்று எப்படிப் பழகுவது என்பதைப் பற்றியது.

எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார்த்த பிறகே எதையும் ஏற்பேன் என்று கிளம்பிய பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டுகூட, 1637-இல் வெளிவந்த தமது நூலில், சந்தேக வேலை முடியும்வரை தம் நாட்டுச் சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் கட்டுப்பட்டு நடப்பதையே தமக்கான முதல் விதியாக வைத்துக்கொண்டார். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவன், வேலை நடக்கும் நாட்களில் குடியிருக்க வேறோர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பது அவர் சொன்ன காரணம். வண்டியைச் சாலையின் எந்தப் பக்கத்தில் ஓட்டுவது என்பதில் சொந்தப் புத்தியைக் காட்டுகிறவர் அதிக நாள் ஓட்ட மாட்டார். வணக்கம் சொல்வது, வரிசையில் நிற்பது, இடத்துக்கேற்ப உடுத்துவது போன்ற நூறு விஷயங்களில் ஊரோடு ஒத்துப்போவதால் நம் அறிவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. சொல்லப்போனால், அவற்றில் சண்டை பிடிக்காமல் மிச்சப்படுத்திய தெம்பு வேறு காரியங்களுக்கு உதவும். நடையில் ஒத்துப்போனவர்கள் நாளடைவில் நினைப்பிலும் ஒத்துப்போய்விடுகிறார்கள் என்பதுதான் ஆபத்து. அது நடப்பது நமக்கே தெரிவதில்லை.

கேள்வி: எனக்குச் சரியென்று தெரிகிற ஒன்றை, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் தவறு என்று சொன்னால், அந்த நிமிடமே எனக்கு என்மீது சந்தேகம் வந்துவிடுகிறது. இது கோழைத்தனமா?

பதில்: இல்லை. இதற்கு ஒரு பழைய பரிசோதனையையே சாட்சியாக அழைக்கலாம். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் அதை நடத்தினார். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கோடுகளுக்கிடையே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதல் இரண்டு சுற்றுகளில் எல்லோரும் ஒரே விடையைச் சொல்கிறார்கள், சலிப்பூட்டும் வேலையாக இருக்கிறது. மூன்றாவது சுற்றில் முதலில் இருப்பவர், முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல், கண்ணெதிரே தவறான விடையைச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார்; அதற்கடுத்தவரும். முறை மெல்ல நகர்ந்து, வரிசையின் கடைசிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் வருகிறது. மற்ற அனைவரும் முன்பே சொல்லிவைக்கப்பட்டவர்கள் என்பதும், சோதனை தனக்கு மட்டும்தான் என்பதும் அவருக்குத் தெரியாது.

18 சுற்றுகளில் 12 சுற்றுகள் இப்படி நடந்தன. தனியாக இருந்து விடையளித்தவர்கள் நூற்றுக்கு ஒரு முறைகூடப் பிழை செய்யவில்லை. கூட்டத்தில் உட்கார வைக்கப்பட்ட 123 மாணவர்களின் விடைகளிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிழையாயின. இதை எடுத்து எழுதுகிற பலர், மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் பணிந்துவிட்டார்கள் என்று எழுதிவிடுகிறார்கள்; அது தவறு, கணக்கு விடைகளுக்கானது. மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கடைசிவரை ஒரு முறைகூடப் பணியவில்லை. பணிந்தவர்களைப் பிறகு தனியே விசாரித்தபோது, தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நம்பியவர்கள் இருந்தார்கள். விடை தெரிந்தும், தனித்துத் தெரிய விரும்பாமல் சொன்னவர்களும் இருந்தார்கள். ‘உங்கள் ஆராய்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று பார்த்தேன்’ என்ற பெருந்தன்மைக்காரர்களும் இருந்தார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. எதிரே ஒரே ஒருவர் தவறாகச் சொன்னால் மாணவர்கள் அநேகமாக அசையவில்லை. இருவர் சொன்னபோது பிழை 13.6 சதவீதமானது. மூவர் சொன்னபோது 31.8 சதவீதம். அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறவில்லை. ‘நாலு பேர்’ என்று நம் முன்னோர் வைத்த கணக்கு ஆய்வகத்திலும் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், பிழைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதித் தரலாம் என்றபோதும் பணிவு வெகுவாகக் குறைந்தது.

ஆகவே உங்களுக்கு வரும் சந்தேகம் யாருக்கும் வருவது. அது வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். திரும்பவும் கோட்டைப் பார்க்கிறீர்களா, அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறீர்களா?

கேள்வி: அப்படியானால் எல்லோரும் சொல்வதை எதிர்த்துச் சொல்பவர்தானே உண்மையான சுயசிந்தனையாளர்?

பதில்: ஊர் ‘ஆம்’ என்றால் தானும் ‘ஆம்’ என்பவருக்கும், ஊர் ‘ஆம்’ என்றால் தான் ‘இல்லை’ என்பவருக்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு. இருவருமே வாயைத் திறக்குமுன் ஊரைக் கேட்டாக வேண்டும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள் துணைக்கு அழைக்கும் பெயர் பெரும்பாலும் செம்மல்வைஸ். 1847-இல் வியன்னா மருத்துவமனையில், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவினால் தாய்மார்களின் மரணம் குறையும் என்று காட்டியவர். அவருடைய காலத்து மருத்துவர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-இல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். உண்மைதான். ஆனால் அவரை நாம் நினைவு வைத்திருப்பது, அவர் எதிர்க்கப்பட்டதால் அல்லவே. கை கழுவச் செய்த பிறகு அவருடைய பிரிவில் மரணங்கள் மளமளவென்று குறைந்தன, அந்தப் பதிவேடு இருக்கிறது. அதே காலத்தில் எதிர்க்கப்பட்டு, எதிர்க்கப்பட்டதே சரியென்றாகி, பெயரில்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

கேள்வி: பலர் சேர்ந்து சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்கிறார் என் தந்தை. ஆயிரம் பேர் நல்லது என்றால் அது நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் தந்தையின் பக்கம் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1907-இல் எழுதியது அது. ஒரு கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டைக் காட்டி, அதை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு இறைச்சி எவ்வளவு எடை தேறும் என்று போட்டி வைத்தார்கள். 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நட்டநடுவில் இருந்ததைப் பார்த்தார் கால்டன்: 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. மக்களைக் குறித்துப் பெரிய மதிப்பில்லாதவர் கால்டன். இந்த முடிவு அவருக்கே வியப்பாக இருந்திருக்கும்.

ஆனால் கவனியுங்கள், அங்கே ஒவ்வொருவரும் தம் சீட்டில் தாமே எழுதிப் போட்டார்கள். முதல் சீட்டைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தால் கதை வேறு. அதையும் ஒரு முறை சோதித்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதிகம் அறியப்படாத 48 பாடல்களை இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்டோருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, தத்தம் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டுக் குழுக்களிலும் ஒரே பாடல்கள்தான், ஆனால் ஒன்றில் முதலிடத்துக்குப் போன பாடல் இன்னொன்றில் எங்கோ பின்னால் கிடந்தது. மிக நல்ல பாடல் அடியில் போனதும், மிக மோசமானது உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றானது. நாம் வாங்குவதும் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட ரகம்தான். எனவே ஆயிரம் பேர் நல்லது என்றால், ஆயிரம் பேரும் தனித்தனியே பார்த்துச் சொன்னார்களா, ஒருவர் சொன்னதை 999 பேர் வழிமொழிந்தார்களா என்று தந்தையிடம் பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: நிபுணர்கள் சொன்னால் அப்படியே நம்பலாமா?

பதில்: பெரும்பாலான நேரங்களில் நம்பலாம், நாமே அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடியாது. அவர்களும் கூட்டமாகச் சறுக்கியதுண்டு. 1903-இல் புளோண்ட்லோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ‘என்-கதிர்கள்’ என்று புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். மங்கிய ஒளி சற்றே கூடுகிறதா என்று இருட்டில் கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனை அது. விஞ்ஞானிகள் பலர் தாமும் கண்டதாக எழுதினார்கள். மறு ஆண்டு ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் நேரில் போய், இருட்டில் சத்தமில்லாமல் கருவியிலிருந்து, கதிர்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். அளவுகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன; அப்படியொரு கதிரே இல்லை. ஏமாந்தவர்களும் நிபுணர்கள், பிடித்தவரும் நிபுணர். தம்முள் ஒருவரை ஒருவர் சோதிக்க அனுமதிக்கும் நிபுணர்களை நான் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகக் கூட்டங்களில் மேலாளர் முதலில் பேசிவிடுவார். பிறகு எல்லோரும் ‘ஐயா சொல்வதுதான் சரி’ என்று ஆமாம் சாமி போடுவார்கள். இதை மாற்ற வழியுண்டா?

பதில்: மேலாளர் நல்லவராக இருந்தால் உண்டு. பழைய யூத நீதிமன்ற விதிகளில், மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் வரிசையின் ஓரத்தில் இருக்கும் இளையவர்களிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் வாய் அடைத்துவிடும் என்பதால். அதைவிட விசித்திரமான விதியும் அவர்களிடம் உண்டு: நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால், குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்துவிட வேண்டும். அவருக்காக வாதிட ஒருவருக்குக்கூடத் தோன்றாத இடத்தில் விசாரணை ஒழுங்காக நடந்திருக்காது என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். உங்கள் மேலாளரிடம் இவ்வளவும் பேச வேண்டாம். ‘கூட்டத்துக்கு முன் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொண்டுவந்துவிடலாமா, நேரம் மிச்சமாகும்’ என்று சொல்லிப் பாருங்கள். நேரம் மிச்சமாகும் என்றால் மேலாளர்கள் இறங்கி வருவார்கள்.

கேள்வி: குடும்பத்திலும் நண்பர்களிடத்திலும் என் உண்மையான கருத்தைச் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறேன். இப்படி வாய்மூடி இருப்பது பொய்யாக வாழ்வதில்லையா?

பதில்: எனக்குச் சாக்ரடீஸ் நினைவுக்கு வருகிறார். ஊர் அரசியலில் தலையிடாமல் ஒதுங்கியிருந்தவர் அவர். கி.மு. 406-இல் ஏதென்ஸ் ஒரு கடற்போரில் வென்றது. ஆனால் மூழ்கிய கப்பல்களில் தத்தளித்த வீரர்களைப் புயலில் காப்பாற்ற முடியவில்லை. கொதித்துப்போன மக்கள் சபை, தளபதிகள் அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க முனைந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு அது விரோதம். அன்று சபையை நடத்தும் குழுவில் சாக்ரடீஸும் இருந்தார். குழுவினர் சிலர் முதலில் மறுத்தார்கள். தடுப்பவர்களையும் சேர்த்துத் தண்டிப்போம் என்று கூட்டம் கூச்சலிட்டதும் பின்வாங்கினார்கள். சாக்ரடீஸ் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. பயனில்லை, ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். ஏதென்ஸ் பிறகு வருந்தியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பேசாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு, எல்லா விருந்திலும் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று யாரும் நம்மைப் பணிக்கவில்லை. நம்பாததை நம்பியதாகச் சொல்லச் சொன்னாலோ, தவறென்று தெரிந்த காரியத்துக்கு நம் கையெழுத்தைக் கேட்டாலோ, அங்கே மறுத்துத்தான் ஆக வேண்டும். மாமா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ‘நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி மாமா’ என்று தலையாட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்களைப் போலவே வாய்மூடி இருப்பவர்கள் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. 1989 டிசம்பர் 21 அன்று ருமேனியாவின் அதிபர் சௌஷெஸ்கு புக்கரெஸ்டில் பேசினார். கைதட்டுவதற்கென்றே திரட்டிவந்த கூட்டம், நேரடி ஒளிபரப்பு. பேச்சின் நடுவே எங்கிருந்தோ கூச்சல் கிளம்பியது, அவர் கையை உயர்த்தியபடி திகைத்து நின்றார். மறுநாள் ஹெலிகாப்டரில் ஓடினார்; 25-ஆம் தேதி கொல்லப்பட்டார். முந்தின நாள்வரை அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும், தான் ஒருவன்தான் இப்படி நினைக்கிறோம் என்று எண்ணியிருக்கக்கூடும். உங்கள் மாமாவுக்கு அப்படியெல்லாம் நேராது. ஆனால் நீங்கள் மெல்ல ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று சொன்னால், அத்தை பக்கத்திலிருந்து எதிர்பாராத ஆதரவு வரலாம்.

கேள்வி: என் பத்து வயது மகள் எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்கிறாள். சுயசிந்தனையை வளர்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், தலைவலி ஒரு பக்கம். என்ன செய்வது?

பதில்: உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். ‘எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது காரணமாக இருந்தால் அதையே சொல்லலாம், அதுவும் சில நேரங்களில் நல்ல காரணம்தான். ‘நாள் முழுக்க வேலை செய்து அம்மாவுக்குத் தலை வலிக்கிறது’ என்பது காரணமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். ‘பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்கும் இன்னும் சில ஆண்டுகளில் பெரியவளாகும் உத்தேசம் இருக்கும்.