பெட்ரோல் பங்கில் பெட்ரோல் கொட்டிவிட்டது, மேல்மண்ணை அள்ளியாகிவிட்டது, நெடியும் போய்விட்டது. இனியும் மண் பரிசோதனை தேவையா?

தேவை. நெடி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் வாடையில் கொஞ்ச நேரம் நின்றாலே மூக்கு மரத்துப்போகும். அதோடு, பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அந்த அளவை எந்த மூக்காலும் பிடிக்க முடியாது.

மேலே தெரியும் கறை உங்களுக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது. பெட்ரோல் முதலில் கீழேதான் இறங்கும், மணலில் வேகமாக, களிமண்ணில் மெதுவாக. களிமண்தானே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது, வெடிப்பும் பழைய வேர்த்துளையும் இருந்தால் அது போதும். நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதந்து பக்கவாட்டில் பரவும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் கூடவே ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுக்கப் பூசிவிட்டுப் போகும். குழாயும் கேபிளும் புதைத்த பள்ளங்களை மறந்துவிடாதீர்கள், அங்கே மண் இளக்கமாக இருப்பதால் அதுவே ஒரு வாய்க்கால் மாதிரி ஆகி, பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளம் வரை ஆவி போய்ச் சேரலாம்.

மண் மாதிரி எடுக்கத் துளை போடுவதற்கு முன்னால் இருப்புப் பதிவேட்டையும் டிப் அளவுகளையும் (தொட்டிக்குள் கோல் விட்டுப் பார்த்த அளவுகள்) எடுத்துப் பாருங்கள். கொட்டிய நாளுக்கு முன்பிருந்தே கணக்கில் குறைவு வந்துகொண்டிருந்தால் தொட்டியோ குழாயோ கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும், அப்போது விசாரணையே வேறு.

அப்புறம் துளைகள். பூமிக்கடியில் என்னென்ன ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, கொட்டிய இடத்தில் ஆரம்பித்து, சுத்தமான மண் வரும்வரை வெளிப்பக்கமாகவும் ஆழமாகவும் போக வேண்டும். எடுத்த மண்ணைக் கொஞ்சம் பையில் போட்டு மூடி வைத்து, மேலே சேரும் ஆவியை பிஐடி (ஒளி அயனியாக்க உணரி) என்ற கருவியால் அளப்பார்கள். எந்த ஆழத்தில் மோசம் என்று அது காட்டும், ஆனால் டீசல் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் கருவி சின்ன எண்ணைக் காட்டிவிட்டு சும்மா இருக்கும். டீசலும் கொட்டியிருக்கிறது என்றால் அந்த எண்ணை நம்பி மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் காரியம் கெடுவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில்தான். நாலு துளை மண்ணை ஒரு வாளியில் கொட்டிக் கிளறி, சராசரி என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. கிளறக் கிளற பென்சீன் காற்றில் போய்விடும், அறிக்கை அழகாக வரும், மண் அப்படியே இருக்கும். மண்ணை உடைக்காமல் சின்ன உருளையாக எடுத்து, பென்சீன் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைக்க, முன்கூட்டியே எடைபோட்டு மெத்தனால் ஊற்றிய குப்பியில் உடனே போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்து அனுப்ப வேண்டும். பிஐடி அதிகம் காட்டிய ஆழத்திலிருந்து ஒன்று, அதற்குக் கீழே முதலில் சுத்தமாகத் தெரிந்த ஆழத்திலிருந்து ஒன்று, இது குறைந்தபட்சம். ஆய்வகத்திடம் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், டீசல் என்றால் நாஃப்தலீனையும் சேர்த்து.

நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லையென்றால் நிலத்தடி நீரைச் சோதிக்கப் போடும் கண்காணிப்புக் கிணறும் வேண்டும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் குறைந்தது 3 கிணறு, அதுவும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. கிணற்றுக் குழாயில் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும், முழுக்க நீருக்கடியில் போய்விட்டால் மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள் வரவே வராது.

ஒன்று கேட்க மறந்தேன், அள்ளிய மண் எங்கே? வெறும் தரையில் குவித்திருந்தால் மழை வருவதற்குள் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மாற்றி, மேலேயும் மூடுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அதை எந்தப் பள்ளத்தையும் நிரப்பக் கொடுத்துவிடாதீர்கள்.