கேளுங்கள் தம்பி: கடலுக்குள் இரட்டைக் கமரா

கேள்வி: இரண்டு அக்‌ஷன் கமராக்களை அருகருகே பூட்டி, காங்கேசன்துறைக் கடலுக்குள் முப்பரிமாண வீடியோ எடுத்தேன். பார்த்தால் கண் வலிக்கிறது. ஏன் அண்ணை?
- மயிலிட்டி வாசகர்

பதில்: முதலில் லென்ஸ்களின் இடைவெளியை அளந்து பாருங்கள் தம்பி. எங்கள் கண்களுக்கிடையே சுமார் 6.5 செ.மீ. தான். நீர்புகாப் பெட்டிகளோடு பூட்டினால் அது 10 செ.மீ. வரை போய்விடும். இடைவெளியைப் போல 30 மடங்கு தூரத்துக்குள் எதுவும் வரக்கூடாது என்பது பழைய கணக்கு. அதன்படி 3 மீற்றர். தட்டைக் கண்ணாடி வழியே தண்ணீருக்குள் எல்லாம் கால்பங்கு கிட்டத் தெரிவதால் 4 மீற்றர் என்று வையுங்கள். வாடைக்காற்றில் கடல் கலங்கினால் அந்தத் தூரத்தில் மீன் நிழலாகத்தான் தெரியும்! ஆகவே, இரண்டு லென்ஸும் நெருங்கி இருக்கும் ஒரே பெட்டிதான் நல்லது.

இருப்பதை வைத்தே எடுப்பதென்றால், இறங்குமுன் இரண்டு கமராவும் ஓடும்போது ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்த ஒலியை வைத்து இரண்டையும் பொருத்தலாம். விநாடிக்கு 60 பிரேமில் எடுத்தால் நேரப் பிசகு குறையும். பிறகு ஒரு கமராவின் படம் மற்றதைவிட மேலேயோ கீழேயோ நிற்கும் மேல்கீழ் விலகலைச் சரிசெய்யுங்கள். கண்வலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஸ்டூடியோ பதிப்பில் இதற்கான வசதி உண்டு.