ஆடி 18 எப்படி ஜூலையில் வரும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நூலகச் சுவரில் கொங்கு நாட்டு ஆளுமைகள் பன்னிரண்டு பேரின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி மாட்டப்போகிறோம். ஆளுக்கு 150 சொல். முதல் ஆளிலேயே தகராறு. தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31 என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊரில் ஆடி 18 என்கிறார்கள். ஆடி 18 ஆகஸ்டில்தானே வருகிறது? எது சரி? இன்னொன்று, யாரைப் பற்றி எழுதினாலும் குறிப்பு ஒரே மாதிரி வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

செ., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள செ.,

இரண்டும் சரி. தமிழ் மாதம் சூரியன் ராசிக்குள் நுழைவதை வைத்துப் பிறக்கிறது. ஆங்கில நாட்காட்டியோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துகிறது. இருநூறு வருடத்தில் மூன்று நாள் ஆகிவிடும். இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும் ஆடிப்பெருக்கு, 1805-இல் ஜூலை கடைசியில்தான் வந்திருக்கும். இன்றைய தினசரிக் காலண்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு பழைய தேதியை மாற்றினால்தான் இந்தக் குழப்பம். பலகையில் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர்களில் பாதிப்பேர் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுப் போவார்கள்.

ஜாதகத்தையோ கல்வெட்டையோ வைத்து எழுதும்போது இன்னும் இரண்டு இடத்தில் வழுக்கும். ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். கீலக என்றால் 1908-ஆ, 1968-ஆ என்று வேறு செய்தியை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அடுத்தது தை, மாசி. கீலக வருடம் புரட்டாசி என்றால் 1908. அதே கீலக வருடத்துத் தை மாதம் 1909-க்குப் போய்விடும். கலைக்களஞ்சியம் தொகுத்த பெரியசாமித் தூரன் 1908 செப்டம்பரில் பிறந்தவர் என்பதால் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஊர்ப் பெயரிலும் பட்டப்பெயரை நம்பாதீர்கள். திருப்பூர் குமரன் பிறந்தது சென்னிமலை. நாமக்கல் கவிஞர் பிறந்தது மோகனூர். ராமானுஜனைக் கும்பகோணத்துக்காரர் என்றே எல்லோருக்கும் தெரியும். பிறந்தது ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை மறந்தால் இப்படிப் பலரைத் தவறான ஊரில் பிறக்க வைத்துவிடுவோம். மாவட்டமும் அப்படித்தான். ஈரோடு மாவட்டம் உருவானது 1979-இல், திருப்பூர் மாவட்டம் 2009-இல். 1904-இல் பிறந்த குமரனுக்கு ‘ஈரோடு மாவட்டம் சென்னிமலை’ என்று எழுதினால் தப்பு. ‘இன்றைய’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். சின்னமலையின் மேலப்பாளையம் காங்கேயம் பக்கம் இருப்பது. திருநெல்வேலியிலும் ஒரு மேலப்பாளையம் உண்டு, அதனால் பக்கத்து ஊரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹாலைத் ‘தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு’ என்று எழுதுவார்கள். சென்னையில் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913-லேயே வந்துவிட்டது. ஜி.டி. நாயுடு மின்மோட்டாரைக் ‘கண்டுபிடித்தார்’ என்பது இன்னொன்று. மோட்டார் உலகத்தில் முன்பே இருந்த பொருள். 1937-இல் அது இந்தியாவில் செய்யப்பட்டது என்பதே செய்தி, அதிலும் கூடச் சேர்ந்து அதைச் செய்த பாலசுந்தரம் நாயுடுவின் பெயரை விடக்கூடாது.

இனி, எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைப் பற்றி. பிறப்பு, படிப்பு, பதவி, விருது, மறைவு என்ற வரிசையில் அடுக்கினால் வேறு எப்படி வரும்? பிறப்புக்கும் ஊருக்கும் 25 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். விருதுகளில் ஒன்று போதும். மிச்சத்தில் நூறு சொல்லையாவது ஒரே ஒரு வேலைக்குக் கொடுங்கள். ஜி.டி. நாயுடுவுக்கு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய அந்த ஒற்றைப் பேருந்து. சி. சுப்பிரமணியத்துக்கு அமைச்சராக இருந்து 1966-இல் மெக்சிகோவிலிருந்து வரவழைத்த 18,000 டன் கோதுமை விதை. தூரனுக்குக் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள். அவர் எழுதிய கீர்த்தனைகளைத் தொட்டால் இடம் போதாது, அவற்றுக்குத் தனிப் பலகைதான். ‘மாபெரும்’, ‘ஒப்பற்ற’, ‘தன்னலமற்ற’ மூன்றையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எண்ணையோ ஊரையோ வைத்துப் பாருங்கள்.

எழுத்து 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம். நூலகத்துக்கு வருகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம். அந்த அளவில் 150 சொல் ஒரு ஏ3 தாளை ஏறக்குறைய நிரப்பிவிடும், படத்தைத் தனித்தாளில் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் தேதிகளை மட்டும் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். எழுதியவரே பார்த்தால் 1893-உம் 1983-உம் ஒன்றாகத்தான் தெரியும்.