நாலு விரல் ஏற்றம் (கடிதம்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். இருபது வருஷமாகக் கோவையில் இருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். ப்ளஸ் ஒன்னில் வரலாறு, புவியியல், பொருளாதாரம் உள்ள குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மார்க் வராத பிள்ளைகள் எடுக்கிற குரூப் என்கிறார்கள் வீட்டில். நானும் மேப் கொஸ்டின் மார்க்குக்காக மட்டும் புவியியல் படித்தவன்தான். கூகுள் மேப் கையில் இருக்கும்போது இன்னும் எதற்குப் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள்? ஐந்திணை கண்ட நமக்குப் புவியியல் புதிதா என்று பெருமையாகவும் இருக்கிறது. இந்தப் படிப்புக்கு ஸ்கோப் உண்டா?

செ., கோவை

அன்புள்ள தம்பி,

உண்டு. கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற ஜி.ஐ.எஸ்., செயற்கைக்கோள் படம் படிக்கிற ரிமோட் சென்சிங், டி.என்.பி.எஸ்.சி. என்று எதையாவது சொல்லி வீட்டில் வாயை அடையுங்கள். ஐந்திணையை இப்போதைக்கு மடித்து வைப்போம். ‘மார்க் வராத பிள்ளைகள்’ என்பதை மகள் காதுபடச் சொல்லியிருந்தால் முதலில் போய் அவளைச் சமாதானப்படுத்துங்கள். ஒரு பிள்ளை இன்னதுதான் படிப்பேன் என்று நிற்பதே அபூர்வம். அதற்குப் போய் முகம் சுளிக்கிறீர்கள்.

நான் பேச வந்தது வேறு. போன மாதம் உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின் கறை ஜன்னல் உயரத்துக்குச் சுவரில் இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் ஊறி வந்துவிட்டதாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான ஆட்களோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு நின்றதே, அதே வெள்ளம். வீட்டுக்காரர் சொன்னார்: “இது மேடு, தண்ணி ஏறாதுன்னுதான் அண்ணாச்சி வாங்குனோம்.” மேடு என்று யார் சொன்னது? புரோக்கர்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க எங்கள் புவியியல் சார் ஞாபகம்தான்.

நாங்கள் படித்த காலத்தில் கடலோரப் பகுதி டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளம் காட்டுகிற சர்க்கார் வரைபடம், சாதாரண ஆட்கள் கைக்கு வராது. பாதுகாப்புக் கட்டுப்பாடு. 2005இல் புது வரைபடக் கொள்கை வந்த பிறகுதான் அது இளகியது. ஆகவே தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு டேராடூன் பக்கத்து ஷீட்டில் சம உயரக் கோடு படித்தோம், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற கோடு. அதுவும் ஜெராக்ஸ். அசலில் சம உயரக் கோடு பழுப்பு, தண்ணீர் நீலம். ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு. செய்முறைத் தேர்விலும் அதே ஜெராக்ஸைத்தான் நீட்டினார்கள். நான் ஓர் ஓடையைச் சம உயரக் கோடு என்று எழுதி மார்க்கை விட்டேன். இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை.

சாருக்கும் கோபம் இருந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை கொத்தனார் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தார். அவர் கையில் மட்டம் பார்க்கிற டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனையை ஒருவன் கொடிமேடையில் பிடித்துக்கொண்டான். மறுமுனையை ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் மைதானத்தில் நடந்தேன். குச்சியில் ஒரு சிவப்பு நூல். தண்ணீர் நூலுக்கு நேரே நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு முளையடித்து, முளைக்கு முளை சுண்ணாம்புப் பொடியால் கோடு. பிறகு நூலை நாலு விரல் ஏற்றிக் கட்டி மறுபடியும் நடை. மத்தியானத்துக்குள் மைதானம் முழுக்கக் கோடுகள். தட்டையென்று நாங்கள் சத்தியம் செய்திருக்கக்கூடிய வாலிபால் கோர்ட்டைச் சுற்றி ஒரு கோடு போய்த் தன்னோடு தானே மூடிக்கொண்டது. சார் ஒன்றும் விளக்கவில்லை. ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துபோயிற்று, முளைகள் மட்டும் நின்றன. தண்ணீர் சரியாக அந்த முளைகளுக்குள் தேங்கிக் கிடந்தது.

களப்பயணம் என்றால் அது. இப்போது அந்தப் பேரில் கன்னியாகுமரிக்குப் பஸ் விடுகிறார்கள், புளியோதரையோடு.

இதை நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1:50,000 ஷீட்டில், அதாவது தரையில் அரை கிலோமீட்டரை ஒரு செ.மீ.யாகச் சுருக்கிய ஷீட்டில், பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. மலைநாட்டுக்கு அது போதும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புன்னைக்காயல் முகத்துவாரம் வரை தேடிப் பாருங்கள், கோடு சிக்குவதே அரிது. கோடு இல்லையென்றால் தரை சமம் என்று நாம் படித்துக்கொள்கிறோம். தண்ணீருக்கு நாலு விரல் போதும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் வெட்டிக் குளம் குளமாக நிரப்பியவர்களுக்கு அந்த நாலு விரல் தெரிந்திருந்தது. குளத்துக்குள் மனை போட்டு விற்றவர்களுக்கும் தெரியும் என்பது என் சந்தேகம். தெரியாதது வாங்கினவர்களுக்குத்தான். அவர்கள் எல்லோரும் பத்தாம் வகுப்பில் மேப் கொஸ்டினுக்கு முழு மார்க் வாங்கியவர்கள்.

மேப் கொஸ்டின் வேண்டாம் என்கிறீர்கள். நான் அதைக் கூட்டச் சொல்வேன். வாயால் ஒப்பிக்க முடியாமல், ஒரு பொருளை அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லும் கேள்வி அது ஒன்றுதான். அதையும் ‘முக்கியமான முப்பது இடங்கள்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் ஆக்கிவிட்டோம். சொந்த ஊராட்சி ஒன்றியத்தின் வெற்று வரைபடத்தைக் கொடுத்து, இங்கே பெய்யும் மழை எந்த வழியாக எந்தக் குளத்துக்குப் போகும் என்று அம்புக்குறி போடச் சொல்லட்டும். கூகுள் மேப் அதற்குப் பதில் சொல்லுமா?

மகளிடம் சொல்லுங்கள், உங்கள் ஊர் ஷீட்டை இன்று மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கலரில். ஹார்டுவேர் கடையில் பத்து மீட்டர் டியூப் வாங்கிக் கொடுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை அவள் மட்டம் எடுக்கட்டும், மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். டியூப்புக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பும். விரலால் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.