ஓய்வுக்குப் பிறகு தோட்டத்து வாழ்க்கை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து 2016ல் ஓய்வு பெற்றேன். அன்று முதல் காங்கேயத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தோட்டத்தில்தான் குடியிருப்பு. தொண்ணூறு தென்னை, இரண்டு மாடு, இருபது கோழி. ஓய்வு பெற்று கிராமத்துக்குப் போக நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், எத்தனை ஏக்கர் வாங்கலாம்? பத்திரத்தில் என்ன பார்க்கணும்?

உங்கள் உடம்பால் தினமும் ஒரு சுற்று நடந்து பார்க்க முடிகிற அளவு வாங்குங்கள். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கே வேண்டாம், ஆள் வராத நாள்தான் அதிகம். எனக்கு மூன்று ஏக்கரே கூடுதல், அதில் ஒரு ஏக்கரை இப்போது மேய்ச்சலுக்கு விட்டுவிட்டேன்.

வில்லங்கச் சான்று, பட்டா, அளவு வரைபடம் எல்லாரும் பார்ப்பார்கள். கோட்டை விடுவது தடமும் கிணறும்தான். வண்டித் தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, எத்தனை அடி அகலம் என்று பாருங்கள், அப்புறம் நேரில் நடந்தும் பாருங்கள். நான் காகிதத்தில் மட்டும் பார்த்தேன், வாங்கிய பிறகு இரண்டு வருடம் அலைந்தேன். கிணறு கூட்டுக் கிணறா, உங்களுக்கு எத்தனை பங்கு, மோட்டார் ஓட்டும் முறை என்ன, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? ஐப்பசி மழைக்குப் பிறகு போய்க் கிணற்றைப் பார்த்தால் எல்லாக் கிணறும் அழகுதான். சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். விவசாய இலவச மின்சாரத்தில் வீட்டுக்கு லைட் போடக் கூடாது, வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும் அம்மா?

ஐந்து மணிக்கு எழுந்தால் ஒன்பது வரை வேலை: பால், கட்டுத்தரை, கோழி, தண்ணீர் பாய்ச்சுவது. பத்து முதல் நான்கு வரை வெயிலில் இறங்குவதில்லை. மாலை இரண்டு மணி நேரம். இருட்டில் கால் வைத்தால் கையில் டார்ச், காலில் மூடிய செருப்பு. போன் இடுப்பில், வீட்டில் அல்ல.

தென்னங்குருத்து கத்தரியால் வெட்டின மாதிரி விரியுது. என்ன மருந்து அடிக்கலாம்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. அது காண்டாமிருக வண்டின் வேலை. விரியாத குருத்துக்குள் குடைந்து தின்கிறது, மட்டை விரியும்போது முக்கோணமாக வெட்டின மாதிரி தெரிகிறது. மருந்துக்கு ஓடும் முன் உங்கள் குப்பைக்குழியைக் கிளறுங்கள். வெள்ளையாக, கொழுத்துச் சுருண்ட புழு கிடந்தால் வண்டை வளர்ப்பது நீங்கள்தான். மாதம் ஒரு முறை எருவைப் புரட்டிப் போடுங்கள், கோழி பொறுக்கித் தின்றுவிடும். பச்சைப் பூஞ்சாணம், அதாவது மெட்டாரைசியம், வாங்கிக் குழியில் கலந்தால் மிச்சப் புழுவும் சாகும்.

மரத்தில்: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். தோப்பில் அங்கங்கே சட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கு ஊறவைத்தால் அந்த வாடைக்கு வண்டு வந்து விழும், தினம் பொறுக்கிக் கொல்லலாம். ஆனால் மரத்தில் நீங்கள் ஏறாதீர்கள். அறுபதுக்கு மேல் ஏணிகூட வேண்டாம், ஏறுகிறவருக்குக் கூலி கொடுங்கள்.

மட்டைக்கு அடியில் வெள்ளை வெள்ளையா வட்டம், மேலே கரி பூசின மாதிரி இருக்கு டீச்சர்.

சுருள் வெள்ளை ஈ. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிய வந்து எங்கும் பரவியது. பூச்சிமருந்து அடிக்காதீர்கள், அதைத் தின்னும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும். மட்டையின் அடிப்புறம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். கரி படிந்த மட்டைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும்.

பாம்பு வருமா?

வரும். நான்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எனக்குப் பயம் கட்டுவிரியன்தான். ராத்திரி வீட்டுக்குள் வந்து தரையில் படுத்தவரைக் கடிக்கும், வலியே தெரியாது, விடிகாலையில் வயிற்று வலி, கண் இமை சொருகும். அதனால் கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள். கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று குடியேறும் முதல் வாரமே விசாரித்து வையுங்கள். இருட்டில் டார்ச், மூடிய செருப்பு.

முட்டி வலிக்கு எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

மருத்துவரைக் கேளுங்கள்.

ரெண்டு காங்கேயம் மாடு வாங்கி, நாட்டுப் பால் வித்து மாசம் இருபதாயிரம் பார்க்கலாமா?

முடியாது. காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த இனம். என் மாடு கன்றுக்குப் போக வேளைக்கு ஒரு லிட்டர் கொடுத்தால் நல்ல நாள்.

நாட்டு மாட்டை இப்படிக் குறைச்சுப் பேசறது உங்களுக்கே நல்லாயிருக்கா டீச்சர்? எங்க தாத்தா காலத்துல எல்லாம் அதோட பால்தான்.

தம்பி, நான் வைத்திருப்பதும் காங்கேயம்தான். சிவப்பாகப் பிறந்த கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பார்க்கிறேன். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொறுக்கியெடுத்து வளர்த்ததால் நிலைத்த இனம் இது. உங்கள் தாத்தாவிடம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருந்திருக்கும்: கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்தாலும் மாடு தானே மேய்ந்துவரும், தீவனச் செலவு கிடையாது. அந்தக் காட்டை பிளாட் போட்டு விற்றுவிட்டு மாட்டை மட்டும் வாங்கி வந்து கட்டிப் போட்டுத் தவிடு வைத்தால் யாருக்குக் கட்டும்? காங்கேயம் மாட்டைக் காப்பாற்ற நினைத்தால் முதலில் ஒரு ஏக்கர் கொறங்காட்டைக் காப்பாற்றுங்கள். நான் மேய்ச்சலுக்கு விட்ட ஏக்கர் அதுதான்.

அப்ப ஜெர்சி கலப்பு வாங்கச் சொல்லுங்க. பத்து லிட்டர் கறக்குமே.

கறக்கும். தினம் இருபத்தைந்து, முப்பது கிலோ பசுந்தீவனம் யார் அறுப்பது? வெயிலுக்கு இளைக்கும், மடிவீக்கம் வரும், இரண்டு வேளையும் நேரம் தவறாமல் கறக்க வேண்டும். முப்பது வயதுக்காரருக்கு அது தொழில். அறுபத்தைந்தில், பேத்தி கல்யாணத்துக்குக்கூட ஒரு ராத்திரி தங்க முடியாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த உயிரைக் கட்டினாலும் அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முதல் வருடம் மாடே வேண்டாம். கோழியில் ஆரம்பியுங்கள், குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. அதை ஒரு வருடம் தவறாமல் செய்ய முடிந்தால் அப்புறம் மாட்டைப் பற்றிப் பேசுவோம்.

எத்தனை ஏக்கர் வாங்கலாம் மேடம்?

முதல் பதில்.

சோலார் பம்புக்கு மானியம்?

வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சொட்டுநீருக்குத் தோட்டக்கலைத் துறை. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு, தாசில்தார் சான்று வாங்கி வையுங்கள்.

பாம்பு வராமல் இருக்க பூண்டு, பினாயில் தெளிக்கலாமா?

பயனில்லை. விறகுக் குவியலையும் தேங்காய் மட்டையையும் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள், எலியைக் குறையுங்கள். மற்றது மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

எனக்கு ஆசை, வீட்டுக்காரம்மாவுக்கு விருப்பமில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்காதீர்கள் ஐயா. அவர் ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். முப்பது வருடம் மூன்று வேளை சமைத்தவருக்குத் தோட்டம் என்றால் வேலையாட்களுக்கும் சேர்த்துச் சமைப்பது என்று தெரியும். கழிப்பறை வீட்டோடு இருக்க வேண்டும், பேச ஒரு பக்கத்து வீடு வேண்டும், பஸ் வேண்டும். ஒரு கோடை முழுக்க வாடகைக்கு எடுத்து இருவரும் தங்கிப் பாருங்கள். அடுப்படி உங்கள் பொறுப்பு.

டீச்சர், தாத்தா கதை சொன்னவன்தான். கொறங்காட்டை நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக வா தம்பி. காலை ஐந்தரைக்கு மாடு அவிழ்ப்பேன், அதற்கு முன்னால் வந்துவிடு. இருட்டாக இருக்கும், டார்ச் எடுத்து வா, செருப்பு மூடினதாக இருக்கட்டும்.