டோவர்: முதலில் பாறை, அப்புறம் கோட்டை

வணக்கம் சார்,

லண்டனில் முதுகலை படிக்கிறேன். வந்ததிலிருந்தே இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் டோவர் வெள்ளைப் பாறைகளைப் பார்க்க ஆசை. தோழிகளைக் கூப்பிட்டால் ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு வேலை, இன்னொருத்தி “கடலும் பாறையும்தானே” என்கிறாள். தனியாகப் போய்வரலாம் என்றால் அம்மா பயப்படுகிறார். போகலாமா? ஒரே நாளில் பாறை, கோட்டை இரண்டையும் பார்த்துவிட முடியுமா? எதை முதலில் பார்ப்பது?

ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

போங்கள். தோழிகளுக்காகக் காத்திருந்தால் படிப்பு முடிந்துவிடும்.

அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பாறை விளிம்பின் ஆபத்துக்கும் தனியாகப் போவதற்கும் சம்பந்தமில்லை, பத்துப் பேரோடு போனாலும் விளிம்பு விளிம்புதான். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை அது, கரும்பலகையில் எழுதும் சாக்கட்டி மாதிரி மிருதுவானது. மேலே மழைநீர் ஊறுகிறது, குளிரில் அது உறைந்து விரிசலைப் பெரிதாக்குகிறது, அடியில் அலை அரிக்கிறது, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய துண்டு கடலில் சரிகிறது. 2012-லும் அப்படிச் சரிந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பாறைகள் வெள்ளையாக இருப்பதே இப்படிச் சரிந்துகொண்டே இருப்பதால்தான்; சரிவு நின்றுபோன இடங்களில் புல்லும் செடியும் ஏறிப் பச்சையாகிவிடுகின்றன. நீங்கள் நிற்கும் புல்தரைக்கு அடியில் பாறை இருக்கிறதா, வெறும் காற்றா என்பது மேலே இருந்து தெரியாது. விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், படம் எடுக்கும்போதும் தள்ளித்தான், அவ்வளவுதான் விஷயம்.

எதை முதலில் என்று கேட்டீர்கள். பாறையை. ரயில் நிலையத்திலிருந்து கோட்டைதான் பக்கம் என்று பெரும்பாலும் முதலில் அங்கே ஏறிவிடுகிறார்கள், சுவர் சுவராகப் பார்த்துக் களைத்து, மாலையில் பாறைக்கு வந்து நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டை மாலையில் மூடிவிடும், அதனால் அதை முதலில் முடித்துவிடலாம் என்ற கணக்கு புரிகிறது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பது பாறை மேல் நின்றால்தான் விளங்கும். எதிரே பிரான்ஸ் வெறும் 33 கிலோமீட்டர், இரு நாடுகளுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம் இது. வானம் தெளிந்த நாளில் அந்தக் கரையே தெரியும். ரோமானியர்கள் இங்கே கலங்கரை விளக்கம் கட்டியதும், 1180-களில் இரண்டாம் ஹென்றி பெரிய கோபுரத்தை எழுப்பியதும், 1909-ல் பிரெஞ்சு விமானி பிளேரியோ விமானத்தில் கால்வாயைக் கடந்து கோட்டைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியதும், நம் குற்றாலீஸ்வரன் 1994-ல் சிறுவனாக இருந்தபோது நீந்தியதும் எல்லாம் இந்த 33 கிலோமீட்டரை வைத்துத்தான். அதைக் கண்ணால் பார்க்காமல் கோட்டைக்குள் போனால் மிஞ்சுவது தடித்த சுவர்களும் ராஜாக்களின் பெயர்களும்தான்.

ஆகவே காலையிலேயே நேஷனல் டிரஸ்டின் பார்வையாளர் மையத்துக்குப் போய்விடுங்கள். நடக்கக் கட்டணம் கிடையாது. ஆரம்பத்தில் கீழே படகுத் துறைமுகம், லாரிகளின் வரிசை, ஒரே இரைச்சல். சிலருக்கு இது ஏமாற்றம். எனக்குப் பிடிக்கும், இன்றும் அந்தக் குறுகலான கடல்தான் அங்கே பிழைப்பு. சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர், இடையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், மழைக்குப் பிறகு ஈரச் சுண்ணாம்பு வழுக்கும், நல்ல ஷூ போடுங்கள். குதிரைக்குட்டிகள் மாதிரி குள்ளமாகச் சில எக்ஸ்மூர் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும், குட்டிகள் அல்ல, அந்த இனமே அப்படி.

அந்த சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில்தான் 1858-ல் ஃபாரடேயின் மேற்பார்வையில் மின்விளக்கைச் சோதித்தார்கள். மார்க்கோனி 1898-ல் கலங்கரை விளக்கம் போல விளக்கேந்திக் கடலில் நின்ற கப்பலோடு கம்பியில்லாமல் செய்தி பரிமாறியதும், மறு வருடம் பிரான்சிலிருந்து செய்தி வாங்கியதும் இங்கேதான். இன்று அந்த வேலையை உங்கள் ஃபோன் கேட்காமலே செய்யும்! பாறை மேல் அது பிரெஞ்சு நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ‘பிரான்சுக்கு நல்வரவு’ என்று செய்தி அனுப்பும், கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும். ரோமிங்கை அணைத்து வையுங்கள், நேரத்துக்குக் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

திரும்பி வந்து மதியம் ஒன்றரை, இரண்டுக்குள் கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் போதும். இரண்டும் நடக்கிற தூரம்தான். ஒன்று கவனம்: கோட்டை இங்கிலிஷ் ஹெரிடேஜ் வசம், பாறை நேஷனல் டிரஸ்ட் வசம், ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது. உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ரோமானியக் கலங்கரை விளக்கமும் அதையொட்டிய சாக்ஸன் காலத் தேவாலயமும் பத்து நிமிடம். பெரிய கோபுரத்துக்கு முக்கால் மணி, சில இடங்களில் சுவர் ஆறு மீட்டருக்கும் மேல் தடிமன், உச்சி வரை ஏறுங்கள். 1216-ல் பிரெஞ்சு இளவரசன் லூயியின் ஆட்கள் வடக்கு வாசலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் சாய்த்தார்கள், உள்ளே இருந்தவர்கள் அந்த உடைப்பை மரங்களால் அடைத்துச் சமாளித்தார்கள். அப்புறம் அந்த வாசலையே நிரந்தரமாக மூடிவிட்டு வேறு பக்கம் புது வாசல் கட்டினார்கள். பட்டது போதும் என்று தோன்றியிருக்கும்.

மிச்ச நேரம் முழுவதையும் பாறைக்குள் குடைந்த சுரங்கங்களுக்குக் கொடுங்கள். நெப்போலியன் காலத்தில் படைவீரர்கள் தங்குவதற்காகத் தோண்டியவை. இரண்டாம் உலகப் போரில், 1940-ல் மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சின் டன்கிர்க் கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்ட வேலையை அட்மிரல் ராம்சே இங்கே உட்கார்ந்துதான் நடத்தினார். காலையில் நீங்கள் மேலே மிதித்து நடந்த அதே வெள்ளைக் கல்லுக்குள் இப்போது நிற்பீர்கள். கூட்ட நாட்களில் வரிசை இருக்கும், அதனால் கோபுரத்தில் நேரத்தைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

டிக்கெட்டைப் பற்றி. செயின்ட் பாங்கிராஸிலிருந்து அதிவேக ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், கட்டணம் சற்றுக் கூட. சாதாரண ரயிலுக்கு எடுத்த மலிவு டிக்கெட்டோடு அதில் ஏறக் கூடாது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 16-25 ரயில்கார்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். காற்று பலமாக இருக்கும் என்று வானிலை சொன்னால் நாளை மாற்றிவிடுங்கள், தனியாகப் போவதில் அந்த ஒரு வசதி இருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டாம்.